புற்றரை பேணியவரின் மகன்

குருநகர்க் கரையில் தொழில் பழகும் சிறுவனுக்கு எவரும் கரும்பலகையில் எழுதிப் பாடம் சொல்வதில்லை. தந்தை வலை பொத்தும்போது அவன் அருகிலிருந்து நூல் எடுத்துக் கொடுக்கிறான். வள்ளம் கரை சேரும்போது ஓடிச் சென்று கயிற்றைப் பற்றுகிறான். வாடை எப்போது எழும், சோளகம் எப்போது ஓயும், கச்சான் வீசும் நாளில் எந்தப் பக்கம் போகலாகாது என்பனவற்றையெல்லாம் பெரியோர் பேச்சிலிருந்து காதால் வாங்கிக் கொள்கிறான். முதன்முறையாக அவன் வள்ளத்தில் ஏறும் நாளில் தொழிலின் பாதி அவன் கைக்கு வந்துவிட்டிருக்கும். முன்னாளிற் கரையூர் என வழங்கிய இவ்வூரின் தொழிலறிவு தலைமுறை தலைமுறையாக இவ்வாறே கைமாறி வந்திருக்கிறது.

பக்கத்தில் நின்று பார்த்துப் பழகும் இந்தக் கல்வி கடற்றொழிலுக்கு மாத்திரம் உரியதன்று. செல்வர்களுக்கே உரியது என்று உலகம் எண்ணும் ஓர் ஆட்டத்தை, அந்த ஆட்டத் திடலின் புல்லைப் பேணிய தொழிலாளி ஒருவரின் மகன் இவ்வாறே கற்றார். கற்று, அதனையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் பல திடல்களில் ஆடினார். ஆட்டத்தின் பெயர் கோல்ப். ஆடியவர் பெயர் சிவ சங்கர் பிரசாத் சௌராசியா. 1978ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி கல்கத்தாவிற் பிறந்த அவருடைய நெடிய ஆட்ட வாழ்வு, வெற்றியைக் காட்டிலும் காத்திருத்தலைப் பற்றியே நமக்கு அதிகமாகச் சொல்லுகிறது.

கோல்ப் ஆட்டத்தை நேரிற் கண்டிராத நேயர்கள் பலர் இருக்கலாம். ஆதலால் அதன் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நன்று. எலுமிச்சம்பழத்தினும் சற்றே சிறிய வெண்ணிறப் பந்து ஒன்று. அதனை அடிப்பதற்கு நீண்ட தண்டும் சிறிய தலையும் உடைய மட்டைகள். ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரையில் தம்முடன் கொண்டு செல்லலாம். தொடக்க இடத்திலிருந்து சில நூறு யார் தொலைவில், மயிரொட்ட வெட்டிய புற்றரை ஒன்றின் நடுவே, நாலேகால் அங்குல விட்டமுள்ள குழி ஒன்று இருக்கும். பந்தை அடித்து அடித்துக் கொண்டு சென்று அந்தக் குழியில் விழச் செய்தல் வேண்டும். இவ்வாறு 18 குழிகள். பெரிய போட்டிகளில் நாள் ஒன்றுக்கு 18 குழிகளாக நான்கு நாள் ஆடுவார்கள்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் பழமொழி. இந்த ஆட்டத்திலோ கணக்குத் தலைகீழ். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றி பெற்றவர். எதிரி பந்தைத் தடுக்க மாட்டார், பறிக்கவும் மாட்டார். பந்து அசையாமற் கிடக்கும். ஆடுபவர் அதன் முன்னே தனித்து நிற்பார். தவறினால் பழி சொல்ல வேறு எவரும் இலர். உதைபந்தாட்டத்திற் பழகிய குருநகர் இளைஞருக்கு இது மிக அமைதியான ஆட்டமாகத் தோன்றலாம். ஆனால் அந்த அமைதியே ஆடுபவரை வாட்டும். நான்கு நாளும் ஒருவன் தன் மனத்தோடு போராடவேண்டிய ஆட்டம் அது.

ஸ்கொட்லாந்து நாட்டின் கடற்கரை மணல்மேடுகளில் வளர்ந்த இவ்வாட்டத்தைப் பிரித்தானியர் தாம் சென்ற இடமெங்கும் கொண்டு சென்றனர். கல்கத்தாவில் 1829ஆம் ஆண்டிலேயே கோல்ப் கழகம் ஒன்று தோன்றிவிட்டது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே உலகில் உள்ள கோல்ப் கழகங்களுள் மிகப் பழையது அதுவே. பின்னர் அது றோயல் கல்கத்தா கோல்ப் கழகம் என்னும் பெயர் பெற்றது. நம் நாட்டிலும் கொழும்பிலும் நுவரெலியாவிலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாட்டம் வேரூன்றியது. அதிகாரிகளும் வணிகரும் தோட்டத்துரைமாரும் ஆடினர். புல்லை வெட்டியவர்களும், நீர் பாய்ச்சியவர்களும், மட்டைகள் நிறைந்த கனத்த பையைத் தோளிற் சுமந்து ஆட்டக்காரர் பின்னே நடந்தவர்களும் அந்நாட்டு மக்களே.

சௌராசியாவின் தந்தை றோயல் கல்கத்தாக் கழகத்தில் புற்றரை பேணும் தொழிலாளி. இத்தொழில் எளிதன்று. குழியைச் சுற்றிய புல் ஒரு நூல் உயர்ந்தாலும் பந்தின் ஓட்டம் மாறும். எங்கே சரிவு, எங்கே ஈரம், எந்தப் பக்கமாகப் புல் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதைப் பேணுபவருக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது. எனினும் புல்லைப் பேணுபவர் வேறு, கழகத்தின் உறுப்பினர் வேறு. ஒருவருடைய உழைப்பின் மேலே மற்றவருடைய ஓய்வு நடக்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையிலேதான் அந்தச் சிறுவன் வளர்ந்தான்.

அவன் செய்தது, குருநகர்ச் சிறுவன் கரையிற் செய்வதையே. பக்கத்தில் நின்று பார்த்தான். பை சுமந்தான். பெரியவர்கள் எவ்வாறு நிற்கிறார்கள், மட்டையை எவ்வாறு பற்றுகிறார்கள், எந்த அடிக்கு எந்த மட்டையை எடுக்கிறார்கள் என்பதைக் கண்ணாலே கற்றான். பயிற்றுநர் இல்லை, பயிற்சிப் பள்ளி இல்லை, பணம் கொடுத்துப் பெற்ற பாடம் ஒன்றுமில்லை. இரவல் மட்டைகளே கைக்கு உதவின. பந்தை நெடுந்தூரம் அடிக்கும் ஆகிருதியும் அவருக்கு வாய்க்கவில்லை. ஆகையால் குழிக்கு அண்மையில் ஆடும் நுண்ணிய ஆட்டத்தையே அவர் தம் செல்வமாக வளர்த்துக் கொண்டார். பந்தை மெல்லத் தட்டிப் புற்றரையில் ஏற்றுவதற்குச் சிப் என்றும், குழியை நோக்கி உருட்டுவதற்குப் பட் என்றும் பெயர். அவ்விரு கலையிலும் அவர் காட்டிய திறமையைக் கண்ட தோழர்கள், அவர் பெயரையே சற்று மாற்றிச் சிப்புட்சியா என்று அழைக்கலாயினர்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். உடல் வலிமையை நம்பிய ஆட்டம் இளமையோடு குன்றிவிடும். கைந்நுட்பத்தை நம்பிய ஆட்டமோ வயது ஏற ஏறப் பண்படும். வயது சென்ற தொழிலாளி ஒருவர் இளைஞனைப் போல வேகமாகத் துடுப்பு வலிக்க மாட்டார். ஆனால் நீரின் நிறத்தைப் பார்த்து மீன் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார். குறையென்று பிறர் கருதிய உடலமைப்பே சௌராசியாவை நெடுங்காலம் நிலைத்து நிற்கும் வித்தையின்பால் செலுத்தியது.

1997ஆம் ஆண்டில், 19ஆவது வயதில், அவர் தொழில்முறை ஆட்டக்காரரானார். தொழில்முறை ஆட்டம் என்றால் மாதச் சம்பளம் என்று எண்ணிவிடலாகாது. நான்கு நாட் போட்டிகளில் முதலிரண்டு நாளும் நன்றாக ஆடியவர்களே பொதுவாக மூன்றாம் நாளுக்குச் செல்வர். மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்புவர். பயணச் செலவு, தங்குமிடச் செலவு எல்லாம் ஆட்டக்காரர் பொறுப்பு. வலை நிறைந்த நாளும் உண்டு, வெறும் வள்ளம் திரும்பிய நாளும் உண்டு என்னும் நிலை கடற்றொழிலாளருக்குப் புதிதன்று. கோல்ப் ஆட்டக்காரர் வாழ்வும் ஏறக்குறைய அத்தகையதே.

இந்திய நாட்டில் ஆடப்படும் கோல்ப் போட்டிகளுள் பெருமை வாய்ந்தது இந்திய ஓப்பன் என்பது. 1964ஆம் ஆண்டில் டில்லியில் அது முதன்முறையாக நடைபெற்றபோது அவுஸ்திரேலிய நாட்டுப் பெருவீரர் பீற்றர் தொம்சன் வெற்றி பெற்றார். 1991ஆம் ஆண்டில் அலி ஷேர் என்பவர் அதனை வென்ற நாள் இந்தியத் தொழிலாளர் மக்களுக்கு மறக்க முடியாத நாள். ஏனெனில் டில்லியில் பை சுமந்து வளர்ந்தவர் அலி ஷேர். இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அப்பட்டத்தை வென்றது அதுவே முதன்முறை. பை சுமப்பவரும் பட்டம் சுமக்கலாம் என்று அன்று தெரிந்தது.

அந்தப் பட்டத்தையே சௌராசியாவும் விரும்பினார். 1999ஆம் ஆண்டில் அவருக்கு வயது 21. அவ்வாண்டு அர்ஜுன் அத்வால் வெற்றி பெற, இளைஞர் சௌராசியா இரண்டாம் இடத்தில் நின்றார். இருபத்தொரு வயதில் இரண்டாம் இடம் என்றால் அது பெருமையே. அடுத்த ஆண்டு, அல்லது அதற்கு அடுத்த ஆண்டு வென்றுவிடுவார் என்றுதான் யாரும் எண்ணியிருப்பர். ஆனால் ஏழு ஆண்டுகள் கடந்தன. 2006ஆம் ஆண்டில் மீண்டும் அவர் வாயிலை அணுகினார். முடிவிற் சமநிலை ஏற்பட்டு, மேலதிக ஆட்டம் ஆடவேண்டியதாயிற்று. அதில் ஜோதி ரந்தாவா வென்றார். சௌராசியாவுக்கு மீண்டும் இரண்டாம் இடமே கிடைத்தது.

இடையில் வேறொரு கதவு திறந்தது. 2008ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஐரோப்பியக் கோல்ப் சுற்றின் போட்டி ஒன்று முதன்முறையாக இந்தியாவில், டில்லி கோல்ப் கழகத்தில் நடைபெற்றது. இந்தியன் மாஸ்ரர்ஸ் என்னும் அப்போட்டியின் மொத்தப் பரிசு 25 இலட்சம் அமெரிக்க டொலர். தென்னாபிரிக்காவின் ஏர்ணி எல்ஸ் முதலிய உலகப் பெயர் பெற்றோர் வந்திருந்தனர். டில்லித் திடல் ஒடுங்கியது; இருமருங்கும் முட்புதர் அடர்ந்தது; பழைய கல்லறை மண்டபங்கள் நடுநடுவே நிற்பது. நெடுந்தூரம் அடிப்பவருக்கு அங்கே புதர் காத்திருக்கும். நேராக அடிப்பவருக்கே வழி திறக்கும். நேராக அடிக்கத் தெரிந்த சௌராசியா, இரண்டாவதாக வந்த அயர்லாந்து வீரர் டேமியன் மக்கிரேனை 2 அடிகளால் வென்றார். அப்போது அவருக்கு வயது 29. புற்றரை பேணியவரின் மகனுக்கு ஐரோப்பியத் திடல்களின் கதவு திறந்தது. 2011ஆம் ஆண்டில் டில்லிக்கு அண்மையில் நடைபெற்ற அவந்தா மாஸ்ரர்ஸ் போட்டியையும் ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார். 2014ஆம் ஆண்டில் பனசோனிக் ஓப்பன் இந்தியா என்னும் பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

இத்தனையும் பெற்றவருக்கு இந்திய ஓப்பன் மட்டும் எட்டாக்கனியாகவே இருந்தது. 2013ஆம் ஆண்டில் அதனை வென்றவர் வங்காளதேசத்தைச் சேர்ந்த சித்திக்குர் ரகுமான். அவரும் டாக்கா நகரத் திடலில் பந்து பொறுக்கும் பையனாகத் தொடங்கியவரே. ஓர் ஏழைப் பிள்ளை வெல்ல, மற்றோர் ஏழைப் பிள்ளை ஓர் அடி பின்தங்கி இரண்டாம் இடத்தில் நின்றது விதியின் விளையாட்டுப் போலும். 2015ஆம் ஆண்டில் வந்தது எல்லாவற்றிலும் கடினமான சோதனை. இறுதி நாளில் முன்னணியில் நின்று ஆடத் தொடங்கியவர் சௌராசியா. தம்மினும் ஒன்பது ஆண்டு இளையவரான அனிர்பான் லகிரி பின்னாலிருந்து வந்து சமன் செய்தார். மேலதிக ஆட்டத்தின் முதற் குழியிலேயே லகிரி பட்டத்தைத் தட்டிச் சென்றார்.

நான்கு முறை; பதினாறு ஆண்டுகள். ஒவ்வொரு முறையும் வாயிற்படி வரையில் வந்து திரும்பவேண்டியதாயிற்று. முதல் முறை தோற்றபோது இளமை ஆறுதல் சொல்லியிருக்கும். நான்காம் முறை தோற்கும்போது வயது 36. அந்த வயதில் யார் ஆறுதல் சொல்லுவார்? இது நமக்கு உரியதன்று, இருப்பது போதும் என்று அவர் ஒதுங்கியிருப்பின் எவரும் குறை கூறியிரார்.

அவர் ஒதுங்கவில்லை. 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அதே டில்லித் திடலில், அதே போட்டியில், மீண்டும் முன்னணிக்கு வந்தார். முந்திய ஆண்டு அவரை வீழ்த்திய லகிரியே மறுபடியும் தொடர்ந்து வந்தார். இம்முறை கை நடுங்கவில்லை. லகிரியையும் தென்கொரிய வீரர் ஒருவரையும் 2 அடிகள் பின்தள்ளி, 37ஆவது வயதிலே, தம் நாட்டின் பட்டத்தைத் தம் கையில் ஏந்தினார்.

கதை அத்துடன் முடிந்திருந்தாலும் நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் அடுத்த ஆண்டு போட்டி வேறு திடலுக்கு மாறியது. டில்லியை அடுத்த குருகிராமத்தில் புதிதாக அமைத்த கடினமான திடல் அது. பழகிய ஒடுங்கிய பாதைகள் அங்கே இல்லை. பழைய திடல் உதவியதால் வென்றாரா, தம் திறமையால் வென்றாரா என்னும் கேள்விக்கு விடை கிடைக்கும் இடமாயிற்று. 2017ஆம் ஆண்டு மார்ச்சில், மலேசிய வீரர் கவின் கிறீனை 7 அடிகள் பின்தள்ளிச் சௌராசியா மீண்டும் வென்றார். பதினாறு ஆண்டுகளாகக் கைநழுவியது, இப்போது ஏழு அடி இடைவெளியோடு வந்து சேர்ந்தது. அதற்கிடையில் 2016ஆம் ஆண்டு இறுதியில் மணிலாவிலும் ஒரு பட்டம் வென்றிருந்தார். அதே ஆண்டில் 112 ஆண்டு இடைவெளிக்குப் பின்னர் ஒலிம்பிக் விழாவில் கோல்ப் சேர்க்கப்பட்டபோது, றியோ நகரில் இந்தியாவின் சார்பில் ஆடியவர்களுள் அவரும் ஒருவர். 2017ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்கு அர்ஜுனா விருது அளித்தது.

நெடுங்காலம் ஆடிய வீரர் என்னும்போது அயர்லாந்தின் கிறிஸ்ரி ஓ கொனரை நினையாதிருக்க முடியாது. 1924ஆம் ஆண்டில் அந்நாட்டின் மேற்குக் கரையிலுள்ள கோல்வேயிற் பிறந்த அவர், இளமையில் அவ்வூர்த் திடலிற் பை சுமந்தவர். அத்திலாந்திக் கடற்காற்று ஓயாது வீசும் கரை அது. பந்தைக் காற்றுக்குக் கீழே தாழ்வாகச் செலுத்தவும், காற்றின் தோளிலேறிச் செல்லவும் அவர் கற்றது அங்கேதான். காற்றை எதிர்க்காமல், அதன் போக்கை அறிந்து பாய் வலிக்கும் கலை குருநகராருக்கு விளக்கவேண்டியதன்று. ஐரோப்பாவின் திறமை முழுவதும் திரண்டு அமெரிக்காவை எதிர்க்கும் றைடர் கிண்ணம் அந்நாளிற் பிரித்தானிய, அயர்லாந்து வீரர்களின் அணியால் ஆடப்பட்டது. அந்த அணியில் 1955 முதல் 1973 வரை தொடர்ந்து 10 முறை ஓ கொனர் இடம்பெற்றார். ஆயினும் அவர் மிக விரும்பிய பிரித்தானிய ஓப்பன் பட்டம் அவருக்குக் கிட்டவேயில்லை. 1965ஆம் ஆண்டில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். வென்றவர், முதல் இந்திய ஓப்பனை வென்ற அதே பீற்றர் தொம்சன். 53ஆவது வயதிலும் அயர்லாந்தின் தொழில்முறைப் பட்டத்தை, பத்தாவது முறையாக, 1978இல் வென்ற ஓ கொனர், 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் 91ஆவது வயதிற் காலமானார். சௌராசியா தம் பட்டத்தை வென்று இரண்டு மாதங்கள் ஆகாத காலம் அது.

ஒருவருக்குக் காத்திருந்த பொருள் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் ஓ கொனரின் வாழ்வைத் தோல்வி என்று எவரேனும் சொல்லுவரா? பட்டம் கிடைப்பதும் கிடையாமையும் ஆடுபவர் கையில் மாத்திரம் இல்லை. மறுநாள் காலையில் எழுந்து மீண்டும் திடலுக்குச் செல்லுவதோ முற்றிலும் அவர் கையில் உள்ளது. இருவரும் அதனைத் தவறாது செய்தனர்.

நம் நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டுகள் இல்லாமற் போகவில்லை. 2002ஆம் ஆண்டில் தென்கொரியாவின் பூசான் நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் அனுர றோகண கோல்ப் ஆட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்னும் இலங்கைத் தமிழர் இருவர் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடி வந்துள்ளனர். ஆனால் ஒரு சௌராசியாவைச் சொல்லும்போது, பை சுமந்தே வாழ்நாளைக் கழித்த எத்தனையோ பேரையும் மறத்தல் ஆகாது. அவர்களுள்ளும் கைந்நுட்பம் உடையோர் இருந்திருப்பர். மதிலின் உட்புறத்தில் நின்றபோதிலும் மட்டை கைக்கு வராதவர்கள் அவர்கள். விடாமுயற்சி ஒன்றே போதும் என்று சொல்லிவிட்டு, கதவைப் பூட்டி வைத்திருப்பது நேர்மை ஆகாது. முயற்சி பிள்ளையுடைய கடமை. கதவைத் திறந்து வைப்பது பெரியோருடைய கடமை.

கரையோர ஊர்களில் இன்றும் ஒரு வழக்கம் முற்றாக ஒழியவில்லை. பரீட்சை ஒன்றிற் பிள்ளை தவறிவிட்டால், இவனுக்குப் படிப்பு வராது என்று அன்றைக்கே தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். புத்தகம் மூலைக்குப் போகிறது. பிள்ளை கரைக்குப் போகிறான். கடற்றொழில் தாழ்ந்தது என்பதற்காக இதனைக் குறை கூறவில்லை. அது வீரமும் அறிவும் வேண்டும் தொழில். ஒரு பிள்ளையின் வருங்காலத்தை ஒரே நாளின் பெறுபேறு கொண்டு முடிவு செய்வதே தவறு. விருப்பத்தோடு கடலுக்குப் போகிறவன் தொழிலாளியாகிறான். துரத்தப்பட்டுப் போகிறவன் தன்னைத் தோற்றவனாகவே எண்ணி வாழ்கிறான். வலை வெறுமையாக வந்தது என்பதற்காக எந்தச் சம்மாட்டியும் மறுநாள் வள்ளத்தை எரித்துவிடுவதில்லை. அந்தப் பொறுமையைக் கடலுக்குக் கொடுக்கும் ஊர், தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாகாதா?

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு சொல் உண்டு. முதலாம் பிள்ளையின் பெயரைப் பலகையில் எழுதுகிறோம். இரண்டாம் பிள்ளையின் முகத்தை அன்று யார் பார்க்கிறார்கள்? நான்கு முறை இரண்டாவதாக வந்தவர் ஐந்தாம் முறை முதலாவதாக வரக்கூடும், வராமலும் போகலாம். வந்தாலும் வராவிட்டாலும், ஐந்தாம் முறைக்கு அந்தப் பிள்ளை வருமாறு பார்த்துக் கொள்வதே பள்ளிக்கூடத்தின் வேலை.